ஒரு நேரத்துக்கு ஒரு பாட்டு போதும்

நண்பர்கள் வாட்ஸ்அப் குழு எதுவானாலும், ஒரே மூச்சில் பதினைந்து பாட்டு லிங்க் கொட்டுகிற ஆள் ஒருவர் அதில் இருப்பார். ரசனை நல்ல ரசனைதான். ஆனால் அந்தப் பதினைந்தில் ஒன்றைக்கூட யாரும் முழுசாகக் கேட்டிருக்க மாட்டார்கள். முதல் லிங்கைத் தட்டுவார்கள், முன்னிசை அரை நிமிஷம் ஓடும், அதற்குள் கம்பெனி பஸ் வந்துவிடும். சாயங்காலம் குழுவைத் திறந்தால் அதற்கு மேல் ஐம்பது அறுபது ஃபார்வர்டு ஏறியிருக்கும். அனுப்பியவருக்கு, யாரும் வாயே திறக்கவில்லையே என்ற வருத்தம். அடுத்த வாரம் அதே ஆள் இன்னும் பதினைந்து அனுப்புவார்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் இருப்பவர்களுக்கு இது பெரிய நஷ்டம். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என நான்கு மொழி வீட்டில் பேசுகிற நண்பர்கள் ஒரே தெருவில் கிடைப்பது எல்லா ஊரிலும் நடக்காது. நமக்குத் தெரியாத பாட்டு பக்கத்து வீட்டுக்காரர் போனிலேயே இருக்கிறது. அதை வாங்கவும் கொடுக்கவும் கொஞ்சம் முறை வேண்டும். இந்தப் பதிவு அந்த முறையைப் பற்றித்தான்.

அனுப்பும்போது

ஒரு நேரத்துக்கு ஒரு பாட்டு. கூடவே, எந்த நிமிஷத்தில் காது கொடுக்க வேண்டும், ஏன் என்று ஒரே ஒரு வரி. இது இரண்டும் இருந்தால் கேட்கிறவர் அந்த இடம் வரும்வரை காத்திருப்பார். காத்திருக்கிற சாக்கில் மீதிப் பாட்டும் காதில் விழும்.

"மாப்ள, 1:50-ல இருந்து நல்லா கேளு. பாடுறவங்க நிறுத்தினதும் தபேலா மட்டும் தனியா ஒரு சுத்து வரும்."

"அக்கா, இது கன்னடம். அர்த்தம் புரியலைன்னா பரவால்ல. ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி கோரஸ் ஒண்ணு வருது பாருங்க, அதுக்காகத்தான் அனுப்பறேன்."

இவ்வளவு போதும். 'செம பாட்டு', 'கேட்டே ஆகணும்' என்று எழுதுவதால் ஒரு பயனும் இல்லை. கேட்கிறவருக்கு அது எதையும் காட்டிக் கொடுப்பதில்லை, பிடிக்கவில்லை என்றால் சொல்லக் கூச்சம்தான் கூடும்.

எந்த லிங்க் அனுப்புவது? உங்களிடம் ஸ்பாட்டிஃபை இருக்கலாம், ஆனால் குழுவில் பாதிப் பேரிடம் இருக்காது. லிங்கைத் தட்டியதும் 'ஆப் நிறுவு' என்று வந்தால் அந்தப் பாட்டின் கதை அங்கேயே முடிந்தது. யூடியூப் எல்லார் போனிலும் இருக்கிறது, அதனால் பொதுக் குழுவுக்கு யூடியூப் லிங்க்தான் நல்லது. யூடியூப் மியூசிக்கில் கேட்பவர்கள் ஒரு சின்ன வேலை செய்தால் போதும்: லிங்கின் தொடக்கத்தில் இருக்கும் 'மியூசிக்' என்ற ஆங்கிலச் சொல்லையும் அடுத்த புள்ளியையும் அழித்துவிட்டு அனுப்பினால், அதே பாட்டு சாதாரண யூடியூப்பில் திறக்கும்.

குறிப்பிட்ட விநாடியிலிருந்தே பாட வைக்கவும் வழி உண்டு. கணினியில் பார்த்தால், ஷேர் பெட்டியிலேயே 'இந்த நேரத்தில் தொடங்கு' என்று ஒரு கட்டம் இருக்கும். போனில் அது தட்டுப்படாவிட்டால் கையால் சேர்க்கலாம். லிங்குக்குள் ஏற்கெனவே ஒரு கேள்விக்குறி இருந்தால் கடைசியில் & குறி, அடுத்து ஆங்கிலச் சின்ன 'டி' எழுத்து, சமக்குறி, விநாடி எண். கேள்விக்குறியே இல்லையென்றால் & குறிக்குப் பதில் கேள்விக்குறி போடவும். நிமிஷத்தை விநாடியாக மாற்ற மறக்கக்கூடாது: 1:50 என்றால் 110. பலர் 150 என்று போட்டுவிட்டு 'தப்பான இடத்துல ஆரம்பிக்குதே' என்பார்கள்.

மூன்று நாலு நிமிஷப் பாட்டுக்கு இப்படிச் செய்ய வேண்டாம் என்பது என் கட்சி. பாட்டை முதலிலிருந்து கேட்க விட்டு, நிமிஷத்தை மட்டும் எழுதினால் போதும். இந்த வித்தை நீளமான பதிவுகளுக்கு. கூத்துப் பகுதியில் அது மறுபடி வரும்.

யூடியூப்பில் ஒரே பாட்டுக்கு இருபது பதிப்பு கிடக்கும். '8டி', 'ஸ்லோடு', 'பேஸ் பூஸ்டட்' என்ற பெயரில் இருப்பதெல்லாம் யாரோ வீட்டில் உட்கார்ந்து வேகத்தையும் எதிரொலியையும் மாற்றியவை. முதல் முறை கேட்பவருக்கு அதை அனுப்பினால் பாட்டையே தப்பாக அறிமுகம் செய்தது மாதிரி. இசை நிறுவனத்தின் சொந்த சேனலில் இருப்பதை எடுங்கள். தனியார் ஏற்றிய பதிவு உரிமைப் புகாரில் என்றைக்கு வேண்டுமானாலும் காணாமல் போகும், உங்கள் லிங்கும் அதோடு செத்துவிடும். அதனால்தான் லிங்கோடு பல்லவி முதல் வரியையும், பாடியவர் பெயரையும் எழுதி வைக்கச் சொல்வது. லிங்க் போனாலும் பாட்டைத் தேடி எடுத்துவிடலாம்.

ஒன்று கவனம்: ஸ்பீக்கரில் பாட்டை ஓடவிட்டு அதை வாய்ஸ் மெசேஜாகப் பிடித்து அனுப்பாதீர்கள். வாய்ஸ் மெசேஜ் மனிதப் பேச்சுக்காகச் செய்தது. டேட்டா மிச்சம் பிடிக்க ஒலியை வெகுவாகச் சுருக்கும், போனின் இரைச்சல் நீக்கியும் இடையில் கை வைக்கும். ஜால்ரா, சிம்பல் மாதிரி மேல்ஸ்தாயி ஓசையெல்லாம் கரகரப்பாகிவிடும். உங்களிடம் இருக்கும் சொந்தப் பதிவை அனுப்ப வேண்டுமென்றால், இணைப்பு ஊசியைத் தட்டி 'டாக்குமெண்ட்' வழியாக அனுப்புங்கள், கோப்பு இருந்தபடியே போய்ச் சேரும்.

குழு நடத்துவது

ஐந்து முதல் ஏழு பேர் சரியான அளவு. ஏழு பேர் என்றால் ஆளுக்கு ஒரு கிழமை. அன்றைக்கு அவர் மட்டும் பாட்டு போடலாம், மற்றவர் கேட்டுவிட்டுப் பேசலாம். பத்துப் பேரைத் தாண்டினால் முறை வர நாளாகும், முறை வருவதற்குள் ஆர்வம் ஆறிவிடும். இருக்கிற குழுவிலேயே இதை நடத்தப் பார்த்தால் கல்யாணப் பத்திரிகைக்கும் கிரிக்கெட் ஸ்கோருக்கும் நடுவே பாட்டு காணாமல் போகும். தனிக் குழு வேண்டும்.

பதிலாகக் கட்டைவிரல் போட்டால் செல்லாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். எந்த இடம் பிடித்தது என்று ஒரு நிமிஷ எண் போதும். பிடிக்கவில்லை என்றாலும் அப்படித்தான்: 'பல்லவி ஓகே, 2:30-க்கு மேல இழுவை.' இந்த மாதிரிப் பதில் வந்தால் அனுப்பியவர் கோபித்துக்கொள்ள மாட்டார், அடுத்த முறை உங்களுக்கு என்ன போடலாம் என்று அவருக்கே பிடிபடும்.

பழைய பாட்டைத் தேட, குழுவின் பெயரைத் தட்டி உள்ளே போனால் மீடியா, லிங்க், டாக்குமெண்ட் என்று பிரித்து வைத்திருக்கும். லிங்க் பகுதியில் அனுப்பியது எல்லாம் தேதிவாரியாக இருக்கும். 'மறையும் செய்திகள்' வசதி ஆன் ஆகியிருந்தால் 24 மணி நேரம், 7 நாள் அல்லது 90 நாளில் எல்லாம் போய்விடும், அதை முதலில் அணைத்து வையுங்கள்.

மொழி தாண்டும்போது

ஓசூரிலும் தேன்கனிக்கோட்டையிலும் தளியிலும் கன்னடம், தெலுங்கு பேசுகிற நண்பர் இல்லாத குழு அபூர்வம். கிருஷ்ணகிரி டவுனில் உருது பேசும் நண்பர் கவ்வாலியும் கஜலும் வைத்திருப்பார். ஆனால் புரியாத மொழிப் பாட்டை எடுத்த எடுப்பில் போட்டால் முக்கால்வாசிப் பேர் முப்பதாவது விநாடியில் தாண்டிவிடுவார்கள். காதுக்குப் பிடிமானம் இல்லை, அதுதான் காரணம். தெரிந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு தெரியாததற்குப் போக வேண்டும். தெரிந்த குரல், தெரிந்த மெட்டு, தெரிந்த வாத்தியம், இந்த மூன்றில் ஒன்று போதும்.

குரல்தான் எல்லாவற்றிலும் சுலபம். 60-களின் தமிழ்ப் பாட்டு கேட்கும் பெரியவர்களுக்கு பி.பி. ஸ்ரீனிவாஸ் குரல் பழக்கம். கன்னடத்தில் அவர்தான் நெடுங்காலம் நடிகர் ராஜ்குமாரின் பாட்டுக் குரல். 70-களின் நடுவில் ராஜ்குமார் தானே பாட ஆரம்பித்த பிறகுதான் அது மாறியது. எஸ். ஜானகி கன்னடத்தில் பாடிக் குவித்தவை ஏராளம், எஸ்.பி.பி. பற்றிச் சொல்லவே வேண்டாம். இவர்களை வைத்து உள்ளே நுழைந்தால் மொழி இரண்டாம் பட்சமாகிவிடும்.

மெட்டு வழிக்கு ஒரு நல்ல உதாரணம்: 1981-இல் வந்த 'கீதா' என்ற கன்னடப் படத்துக்கு இளையராஜா போட்ட 'ஜொதெயலி ஜொதெஜொதெயலி' மெட்டுதான் 1984-இல் தமிழில் 'நூறாவது நாள்' படத்தில் 'விழியிலே மணி விழியில்' ஆனது. இரண்டிலும் எஸ்.பி.பி., ஜானகி. 2007-இல் இந்தியிலும் 'சீனி கம்' படத்துக்காக அதே மெட்டு திரும்பி வந்தது. மூன்றையும் அடுத்தடுத்து மூன்று நாள் போட்டுப் பாருங்கள். கன்னட நண்பர் முதல் பாட்டைப் பற்றிப் பேசுவார், தமிழ் நண்பர் இரண்டாவதைப் பற்றி, பேச்சு தானாக நடக்கும். 'எது ஒசத்தி' என்று சண்டையும் வரும், அது நல்லதுதான்.

இந்த வழியில் ஒரு மாதம் ஓட்டிய பிறகு சினிமாவை விட்டு வெளியே போகலாம். கன்னடத்தில் 'பாவகீதெ' என்று ஒரு பெரிய வகை இருக்கிறது: கவிஞர்களின் கவிதையை எடுத்து மெட்டமைத்துப் பாடுவது. மைசூர் அனந்தசாமி, சி. அஸ்வத் என்று தேடினால் வரும். தெலுங்கில் அன்னமாச்சாரியா கீர்த்தனைகளைத் திருப்பதி போகிறவர்கள் எல்லாரும் கேட்டிருப்பார்கள். ஆனால் எது யார் பாடியது நன்றாக இருக்கும் என்பதை வீட்டில் தெலுங்கு பேசும் நண்பர்தான் சொல்ல முடியும். இதெல்லாம் ஆப் தானாக எடுத்துக் கொடுக்காது. நீங்கள் இதுவரை கேட்டதை ஒட்டித்தான் அது காட்டும், கேட்காத பக்கம் அதற்குக் கண் தெரியாது.

தேடும்போது எழுத்துக் கூட்டல் காலை வாரும். கன்னட, தெலுங்குப் பாட்டுகளை ஆங்கில எழுத்தில் ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி எழுதி வைத்திருப்பார்கள். 'த' ஓசைக்கு நாம் ஹெச் சேர்ப்போம், அவர்கள் பல இடங்களில் சேர்ப்பதில்லை. கிடைக்காவிட்டால் ஹெச்சை எடுத்துவிட்டும் நெடிலுக்குப் போட்ட இரட்டை எழுத்தை ஒற்றையாக்கியும் தேடுங்கள். பட்டெனச் சிக்கும்.

ரேடியோவையும் மறக்க வேண்டாம். தருமபுரி வானொலி 102.5-இல் தமிழ். ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர்தான் என்பதால் அங்கத்து எஃப்.எம். நிலையங்கள் ஓசூரில் நன்றாக எடுக்கும்: ரெயின்போ 101.3, விவித் பாரதி 102.9, ரேடியோ சிட்டி 91.1. இதில் கடைசியாகச் சொன்னது 2001-இல் தொடங்கிய, நாட்டின் முதல் தனியார் எஃப்.எம். சூளகிரி தாண்டிக் கிருஷ்ணகிரி பக்கம் இறங்க இறங்க இரைச்சல் கூடிவிடும். எஃப்.எம். அலை பெரும்பாலும் நேர்கோட்டில்தான் போகும். ஓசூர் மேட்டில் இருக்கிறது, கிருஷ்ணகிரி அதைவிட முந்நூறு மீட்டருக்கு மேல் பள்ளத்தில், நடுவில் மலை வேறு. போனில் எஃப்.எம். கேட்க ஒயர் இயர்போன் மாட்டியாக வேண்டும், அந்த ஒயர்தான் ஆன்டெனா. இயர்போன் ஓட்டையே இல்லாத போன் என்றால் ஆகாசவாணியின் 'நியூஸ் ஆன் ஏர்' ஆப் இருக்கிறது, நேரலையாகக் கேட்கலாம்.

பெயர் தெரியாத பாட்டு

டீக்கடையில், டவுன் பஸ்ஸில் ஓடும் பாட்டைக் கண்டுபிடிக்க ஷஸாம் என்ற ஆப் போதும். பத்து விநாடி காட்டினால் சொல்லிவிடும். இணையம் இல்லாத இடத்திலும் தட்டி வைக்கலாம், சிக்னல் வந்ததும் பதில் தரும். பஸ்ஸில் இன்ஜின் சத்தம் அதிகம் என்றால் போனின் அடிப்பக்கத்தை ஸ்பீக்கரை நோக்கிப் பிடியுங்கள், மைக் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

மாரியம்மன் பண்டிகை இன்னிசைக் கச்சேரியில் ஷஸாம் கைவிடும். கூட்டச் சத்தம் காரணமென்று நினைப்பார்கள். உண்மையில் ஷஸாம் மெட்டைப் பார்ப்பதே இல்லை, ஒலிப்பதிவின் ரேகையைப் பார்க்கிறது. கச்சேரியில் வேறு ஆள் வேறு சுருதியில் பாடும்போது அந்த ரேகை எந்தப் பதிவோடும் பொருந்தாது. அங்கே கூகுளின் முணுமுணுப்புத் தேடலைப் பயன்படுத்த வேண்டும். கூகுள் ஆப்பில் மைக்கைத் தட்டி, பாட்டைத் தேடும் பொத்தானை அமுக்கி, நீங்களே பத்துப் பதினைந்து விநாடி பாடவோ விசிலடிக்கவோ வேண்டும். 2020-இல் வந்த வசதி. இது மெட்டின் ஏற்ற இறக்கத்தைப் பார்ப்பதால் உங்கள் குரல் எப்படி இருந்தாலும் கவலை இல்லை. பல்லவியைப் பாடுங்கள், இடையிசையைப் பாடினால் குழம்பும்.

கூத்துப் பாட்டுக்கு இரண்டுமே உதவாது. பங்குனி, சித்திரை, வைகாசியில் திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் பாரதக் கூத்தில் வரும் பாட்டு எந்த இசை நிறுவனத்தின் பட்டியலிலும் இல்லை. அதற்கு ஆள்தான் வழி: கூத்து வாத்தியாரைக் கேட்க வேண்டும். விடிய விடிய ஆடியவரிடம் காலையில் போய் நிற்காமல், மறுநாள் மாலை வேஷம் கட்டுவதற்கு முன்னால் கேட்டால் நின்று சொல்வார்கள். கேட்கும்போது எந்த நாடகம், எந்தக் கட்டம் என்று சொல்லுங்கள். 'கர்ண மோட்சத்துல பொன்னுருவி வர்ற இடத்துல பாடுனீங்களே' என்றால் அவருக்கு உடனே தெரியும். 'அந்த சோகப் பாட்டு' என்றால் எத்தனையோ சோகப் பாட்டு இருக்கிறது.

பதிவு செய்ய அவரிடமே அனுமதி கேளுங்கள். அடுத்து இடம். குழாய் ஸ்பீக்கருக்கு நேர் எதிரில் நின்றால் போன் மைக் திணறி ஒலி கிழிந்துவிடும், பின்னால் எந்த மென்பொருளாலும் அதைச் சரி செய்ய முடியாது. ஸ்பீக்கரிலிருந்து விலகி, ஆர்மோனியமும் முகவீணையும் (சின்ன நாகஸ்வரம் மாதிரி ஊதும் குழல்) நேரடியாகக் காதில் விழுகிற பக்கமாகப் பதினைந்து இருபது அடி தள்ளி உட்காருங்கள். வாய்ஸ் ரெக்கார்டர் ஆப்பின் அமைப்பில் ஒலித்தரத்தை 'உயர்' என்று மாற்றி, போனைக் கையில் பிடிக்காமல் துண்டின் மேல் வையுங்கள். கையில் இருந்தால் விரல் உரசும் சத்தம் விழும். முதல் அரை நிமிஷம் பதிந்து, இயர்போனில் கேட்டுப் பார்த்துவிட்டு மீதியைத் தொடருங்கள். முடிந்ததும் கோப்புக்கு ஊர், நாடகம், தேதி என்று உடனே பெயர் வையுங்கள். வெறும் எண்ணோடு கிடக்கும் பதிவை ஆறு மாதம் கழித்துத் திறந்தால் எந்த ஊர்க் கூத்து என்றே தெரியாது.

யூடியூப்பிலும் கூத்துப் பதிவுகள் நிறைய இருக்கின்றன, உள்ளூர் வீடியோக்காரர்கள் ஏற்றியவை. ஊர்ப் பெயரும் நாடகப் பெயரும் போட்டுத் தமிழில் தேடினால் கிடைக்கும். பிரச்சினை நீளம்: ஒரு பதிவு ஐந்து, ஆறு மணி நேரம் போகும். முதல் அரை மணி மேளக்கட்டும் (தொடக்க வாத்திய முழக்கம்) கோமாளியாக வந்து கதையை ஆரம்பித்து வைக்கும் கட்டியக்காரனும்தான். புதுசாகக் கேட்பவருக்கு மொட்டையாக லிங்க் கொடுத்தால் அங்கேயே விட்டுவிடுவார். இங்கேதான் விநாடி வித்தை வேண்டும். 2 மணி 14 நிமிஷம் 30 விநாடி என்றால் 7,200-ஐயும் 840-ஐயும் 30-ஐயும் கூட்டி 8,070. லிங்கின் கடைசியில் கமா இல்லாமல் 8070 என்று போடுங்கள். பாடுகிறவர் விட்ட அடியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடும் இடமாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தால், கூத்தே பார்க்காதவரும் கவனிப்பார்.

ஒரே இயர்பட்ஸ், இரண்டு காது

கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டு நண்பருக்கு ஒரு பட் கொடுப்பது பாட்டுப் பகிர்வில் பழைய முறை. இதில் ஒரு குறை இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. ஸ்டீரியோ பாட்டில் இடது, வலது இரண்டிலும் வேறு வேறு ஒலி போகும். 80-களின் பாட்டுகளில் கிட்டார் ஒரு பக்கம், வயலின் கூட்டம் மறு பக்கம் என்று பிரித்து வைத்திருப்பது சகஜம். ஆளுக்கு ஒன்று மாட்டினால் உங்களுக்குக் கிட்டார் மட்டும், அவருக்கு வயலின் மட்டும். 'அந்த கிட்டார் கேட்டியா' என்பீர்கள், அவர் விழிப்பார். அவர் பக்கத்தில் அது மெலிசாகக்கூட இருக்காது.

தீர்வு போனுக்குள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அணுகல்தன்மை, அதற்குள் செவித்திறன் அல்லது ஆடியோ பகுதியில் 'மோனோ ஆடியோ'. ஐபோனில் அணுகல்தன்மைக்குள் ஆடியோ/விஷுவல் பகுதியில் அதே பெயரில். ஆன் செய்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து இரண்டு காதிலும் வரும். கீழே இருக்கும் இடது-வலது சமநிலைக் கோடு நடுவில் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். தனியாகக் கேட்கும்போது அணைத்துவிட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் எல்லாப் பாட்டும் தட்டையாகவே கேட்கும்.

சில இயர்பட்ஸ் காதிலிருந்து கழற்றியதும் பாட்டை நிறுத்திவிடும். அதன் ஆப்பில் 'காதில் இருப்பதைக் கண்டறிதல்' என்பதை அணைத்தால் சரியாகும். சாம்சங் போன்களில் ஒரே நேரத்தில் இரண்டு ப்ளூடூத் கருவிகளுக்குப் பாட்டு அனுப்பலாம், அவரவர் பட்ஸ் அவரவர் காதில். சுகாதாரத்துக்கும் அதுதான் நல்லது.

காருக்குப் பென்டிரைவ்

ஒகேனக்கல் போகிற வண்டியில், ஆளுக்குப் பத்துப் பாட்டு என்று ஒரு பென்டிரைவ் போட்டுக் கொண்டுபோவது இன்றைக்கும் நல்ல வழி. ஆனால் வண்டியில் செருகியதும் 'நோ ஃபைல்' என்று காட்டினால் எல்லார் முகமும் தொங்கிவிடும். பென்டிரைவில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை பல வகை; பழைய கார் ஸ்டீரியோக்கள் அதில் ஃபேட்32 வகையை மட்டுமே படிக்கும். எக்ஸ்ஃபேட்டும் என்டிஎஃப்எஸ்ஸும் அவற்றுக்குத் தெரியாது. 64 ஜிபி பென்டிரைவ் கடையிலிருந்து வரும்போதே பெரும்பாலும் எக்ஸ்ஃபேட்டாகத்தான் வரும். 16 அல்லது 32 ஜிபி வாங்கி, ஃபேட்32 என்று தேர்ந்து ஃபார்மட் செய்தால் தொல்லை இல்லை. நாலு நிமிஷப் பாட்டு 320 கேபிபிஎஸ் (விநாடிக்கு எத்தனை கிலோபிட் என்ற ஒலித்தர அளவு) எம்பி3-ஆக 9.6 எம்பி, 16 ஜிபியில் 1,500-க்கு மேல் பிடிக்கும். ஒரு பயணத்துக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம்.

வரிசை குலைவது அடுத்த தலைவலி. கணினியில் ஒழுங்காகத் தெரிந்த வரிசை வண்டியில் வேறாக ஓடும். பல ஸ்டீரியோக்கள் பெயர் வரிசையைப் பார்ப்பதில்லை, எந்தக் கோப்பு முதலில் எழுதப்பட்டதோ அதை முதலில் பாடும். அதனால் 001, 002 என்று பெயருக்கு முன் எண் போட்டு, காலி பென்டிரைவில் அந்த வரிசையிலேயே நகல் எடுங்கள். நடுவில் ஒன்றை அழித்து இன்னொன்று சேர்த்தால் புதியது பழைய ஓட்டையில் போய் உட்கார்ந்து வரிசை மறுபடி குலையும். மாற்றம் வேண்டுமென்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றுவதுதான் சுருக்கு வழி. கோப்புப் பெயர் தமிழில் இருந்தால் பழைய திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும், ஆங்கில எழுத்தில் வையுங்கள்.

ஒலி அளவுதான் நிஜமான சண்டைக்குக் காரணம். 70-களின் பாட்டு மெல்ல ஒலிக்கும், ஒருவர் சத்தத்தைக் கூட்டுவார். அடுத்து வரும் புதுப் பாட்டு காதைக் கிழிக்கும். புதுப் பாட்டுகளை அழுத்தி உரக்கப் பதிவு செய்வதால் வரும் வித்தியாசம் இது. ஸ்பாட்டிஃபை மாதிரி ஆப்கள் அதைத் தாமே சமன் செய்துகொள்ளும், பென்டிரைவ் செய்யாது. கணினியில் எம்பி3கெயின் என்ற இலவச மென்பொருளில் எல்லாக் கோப்பையும் போட்டு, இலக்கை 89 டெசிபல் என்றே விட்டு, 'டிராக்' முறையில் ஓட்டுங்கள். 1.5 டெசிபல் படிகளில் மாற்றும், பாட்டை மறுபடி சுருக்காது, தரம் குறையாது.

கடையில் மெமரி கார்டில் ஏற்றித் தரும் பாட்டுகளை நான் நம்புவதில்லை. உரிமைப் பிரச்சினை ஒரு பக்கம் இருக்கட்டும்; 128 கேபிபிஎஸ் கோப்பை 320 ஆக மாற்றி வைத்திருப்பார்கள், அளவுதான் பெருக்கும், ஒலி தேறாது. படம் பெயர், பாடகர் பெயர் பாதி தப்பாக இருக்கும். வண்டியில் ஒருவர் 'இது யார் பாடினது' என்று கேட்டால், திரையில் ஏதோ ஒரு வலைத்தளத்தின் பெயர் ஓடும்.

ஆக்ஸ் ஒயரில் போன் வைத்துப் பாடினால் 'ங்ங்' என்று இரைச்சல் வருகிறதா? சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது கிரவுண்ட் லூப், அதாவது சார்ஜர் ஒயரும் ஆக்ஸ் ஒயரும் சேர்ந்து ஒரு மின்வளையமாகி இரைச்சல் தருவது. சார்ஜ் போடாமல் கேட்கலாம், இல்லாவிட்டால் 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' என்று கேட்டு வாங்கி ஒயருக்கு நடுவில் மாட்டலாம்.

மொட்டை மாடியில்

சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கரை மாடி நடுவில் வைத்தால் பேஸ் காற்றில் போய்விடும். கைப்பிடிச் சுவர் இரண்டு சேரும் மூலையில், சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். அதே ஸ்பீக்கர் கனமாக ஒலிக்கும். போனை எவர்சில்வர் சொம்பில் போட்டால் சத்தம் கூடும் என்பது உண்மை, ஆனால் குரலின் நடுப்பகுதி மட்டும்தான் கூடும், பாட்டு சொம்புக்குள்ளிருந்து பாடுவது போலவே இருக்கும். இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. உங்கள் குட்டி ஸ்பீக்கருக்காக யாரும் வரப்போவதில்லை என்றாலும், பக்கத்து வீட்டில் காலை ஷிப்டுக்குப் போகிறவர் தூங்குவார்.

ஆப் வசதிகள், சுருக்கமாக

ஸ்பாட்டிஃபையின் 'பிளெண்ட்' இரண்டு முதல் பத்துப் பேர் ரசனையைக் கலந்து ஒரு பிளேலிஸ்ட் செய்து தினமும் மாற்றும். வேடிக்கையாக இருக்கும். ஆனால் இருவருக்கும் பொதுவானதைத்தான் அதிகம் எடுக்கும், ஒரே ரசனைக்காரர்களுக்கு அதில் புதுசு எதுவும் கிடைக்காது. பட்டியலில் ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் யாரிடமிருந்து வந்தது என்று சின்னப் படம் இருக்கும்; நண்பரின் படம் மட்டும் இருக்கும் பாட்டுகளை முதலில் கேளுங்கள்.

எல்லாரும் சேர்ந்து சேர்க்கும் பிளேலிஸ்ட் ஸ்பாட்டிஃபையிலும் யூடியூப் மியூசிக்கிலும் உண்டு. நாற்பது பாட்டு தாண்டினால் புதுசு தொடங்குங்கள், முந்நூறு பாட்டுப் பட்டியலை யாரும் கீழ் வரை பார்ப்பதில்லை. ஸ்பாட்டிஃபையில் யார் சேர்த்ததையும் மற்றவர் நீக்க முடியும் என்பதால், 'அடுத்தவர் பாட்டில் கை வைக்கக்கூடாது' என்பதை ஆரம்பத்திலேயே பேசிக்கொள்ளுங்கள்.

வீட்டில் அம்மா காலையில் சுப்ரபாதம் போடுவதும் குழந்தை ரைம்ஸ் போடுவதும் உங்கள் கணக்கிலேயே என்றால் சிபாரிசு முழுக்கக் கலங்கிவிடும். டிவிக்குத் தனிக் கணக்கு வையுங்கள். முடியாவிட்டால் ஸ்பாட்டிஃபையில் அந்தப் பிளேலிஸ்டின் மூன்று புள்ளியைத் தட்டி 'ரசனைக் கணக்கில் சேர்க்காதே' என்ற தேர்வை அமுக்கலாம். யூடியூப்பில் அந்த நேரத்துக்கு ஹிஸ்டரியை நிறுத்தி வைக்கலாம்.

டேட்டா கணக்கு: 96 கேபிபிஎஸ் தரத்தில் மணிக்கு 43 எம்பி, 160-இல் 72, 320-இல் 144. பஸ் இரைச்சலில் 160-க்கும் 320-க்கும் வித்தியாசம் தெரியாது, வீட்டு வைஃபைக்கு மட்டும் 320 வையுங்கள். தொப்பூர் கணவாய், பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறக்கம், அஞ்செட்டி காட்டுப் பாதை, இங்கெல்லாம் சிக்னலை நம்பிப் பாட்டு கேட்க முடியாது. கிளம்புவதற்கு முன்னால் டவுன்லோடு. ஸ்பாட்டிஃபை பிரீமியத்தில் இறக்கிய பாட்டு தொடர்ந்து இருக்க 30 நாளுக்கு ஒருமுறையாவது போனை இணையத்தில் இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் இறக்கியது எல்லாம் போய்விடும். இறக்கி முடித்ததும் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு இரண்டு பாட்டு ஓடுகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டு வண்டி ஏறுங்கள்.